குழலைக் கழற்றிவிட்டு விலை பேசு
பழைய துப்பாக்கியும் ஏர்கன்னும் பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு

பழைய துப்பாக்கிக்கு விலை சொல்லக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஐயா, இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. யார் செய்தது, எப்போது செய்தது, எந்த மருந்துக்குச் சோதித்தது, அதன் பிறகு யார் யார் அதில் கை வைத்தார்கள் என்ற நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் விலை தானாக வந்து நிற்கும். அந்த நான்கில் முக்கால் பங்கு பதில், யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் இருக்கிறது. மேலே இருப்பது பெரும்பாலும் விற்கிறவனுடைய பேச்சு.

1. முதலில் காகிதம். இரட்டைக்குழலோ ஒற்றைக்குழலோ கையில் வாங்குவதற்கு முன்பே உரிமப் புத்தகத்தைக் கேள். அதில் எஸ்.பி.பி.எல். என்று இருந்தால் பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைக்குழல், டி.பி.பி.எல். என்றால் இரட்டைக்குழல், எம்.எல். என்று முடிந்தால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நில். எழுத்தர் கைப்பிழையாகவே இருந்தாலும் அதைத் திருத்தி வாங்க வேண்டியது உரிமையாளர், நீ இல்லை. எண்ணை ராவி அழிப்பதும் குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அப்பாவோ தாத்தாவோ போன பிறகு பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். உரிமம் இறந்தவர் பெயரில் இருந்தால் அந்த ஆயுதம் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு மனுப் போட வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடம், சென்னையில் கமிஷனரிடம். "பழசுதானே, இதற்கு எதற்குச் சார் லைசென்ஸ்?" என்பார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவு வழக்கொழிந்த, தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடக்கூடியதாக இருக்கக் கூடாது என்பது அந்த விலக்கோடு சேர்ந்தே வருகிறது. நூறு வயதான பர்மிங்காம் இரட்டைக்குழல் இன்றைக்கும் சுடும். அதற்கு உரிமம் வேண்டும்.

ஏர்கன்னுக்குக் கணக்கு வேறு. குழல் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. 0.22 என்றால் தேவை. ஆகவே ஏர்கன்னிலும் முதலில் குழல் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

2. காலியா என்று பார். "காலிதான் சார்" என்று சொன்ன பிறகும் பார். இரட்டைக்குழலைத் திறந்து இரண்டு சேம்பரிலும் சுண்டுவிரலை விட்டுப் பார். நாட்டுத் துப்பாக்கி என்றால் கெட்டிக் கம்பியைக் குழலுக்குள் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே வைத்து அளந்து பார். கம்பி நான்கு விரல் முன்னதாக நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. வருஷக்கணக்காக மருந்தோடு சுவரில் தொங்கியவை உண்டு. மடக்குகிற ஏர்கன்னில், குழல் மடங்கியிருக்கும்போது ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். விசை தேய்ந்துபோன துப்பாக்கியில் குழல் தானாக மேலே அடிக்கும். விரல் நுனி போகும்.

வெறுமனே விசையை இழுத்துப் பார்க்காதே. ஏர்கன்னில் ரவை இல்லாமல் விட்டால் பிஸ்டன் முட்டிச் சிதைகிறது. பழைய இரட்டைக்குழலில் ஊசி உடையும். போலித் தோட்டா போட்டுத்தான் இழுக்க வேண்டும்.

3. கதையைக் கேள், குறித்துக்கொள், விலையில் சேர்க்காதே. ஜமீன் வீட்டுத் துப்பாக்கி, துரை பரிசாகக் கொடுத்தது, இதில்தான் புலி அடித்தார்கள் என்றெல்லாம் வரும். கடிதமோ ரசீதோ, பெயர் பொறித்த தகடோ, பெட்டிக்குள் ஒட்டிய சீட்டோ இருந்தால் அது வேறு விஷயம். இல்லையென்றால் காபி குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்.

4. இப்போது முன்கட்டையைக் கழற்று, குழலைப் பிரித்து எடு, தலைகீழாகத் திருப்பு. ஆக்‌ஷன் மேல் உட்காருகிற அந்தத் தட்டையான இடம்தான் துப்பாக்கியின் ஜாதகம். அழுக்கில் எழுத்துத் தெரியாவிட்டால் சாக்பீஸைத் தேய்த்துக் கட்டைவிரலால் துடை. குழிக்குள் சுண்ணாம்பு தங்கி எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று வரும். சாய்வாக டார்ச் அடித்துப் போட்டோ எடுத்துக்கொள். ஆக்‌ஷனின் அடிப்பக்கத்தையும் அதேபோலப் பார்.

பிரிட்டனில் துப்பாக்கி விற்க வேண்டுமென்றால் சோதனைக்கூட முத்திரை இருந்தாக வேண்டும். லண்டனில் 1637-இல் பட்டயம் வாங்கிய துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் கூடம், பர்மிங்காமில் 1813-இல் சட்டம் போட்டு வந்த கூடம், ஆக இரண்டு. நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பர்மிங்காம் பிறவி என்பதால் அதை முதலில் மனப்பாடம் செய். குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல், மேலே கிரீடம், இடைவெளிகளில் பி, பி, சி என்ற எழுத்துகள் இருந்தால் அது 1904-க்கு முந்தையது. கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனியாக இருந்தால் 1904-க்கும் 1954-க்கும் நடுவில். கிரீடத்தின் கீழ் பி.என்.பி., கூடவே சதுர அங்குலத்துக்கு மூன்று டன் என்கிற மாதிரி அழுத்தக் குறிப்பு இருந்தால் 1954-க்குப் பிறகு. லண்டன் கூடத்து முத்திரை பின்னிப் பிணைந்த ஜி.பி.யும் வி.யும்.

இன்னொரு நல்ல தடயம்: குழலின் அடியில் 'நாட் ஃபார் பால்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். குண்டு போட்டுச் சுடாதே என்று அர்த்தம். வாய் குறுக்கிய சோக் குழலுக்கு 1875 முதல் 1887 வரை அடித்த எச்சரிக்கை. அதற்குப் பிறகு 'சோக்' என்று மட்டும் அடித்தார்கள். இந்த ஒரு வரி கண்ணில் பட்டால் துப்பாக்கியின் வயதைப் பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குள் நிறுத்திவிடலாம். மேலே இரண்டு குழலையும் இணைக்கிற பட்டையான ரிப்பில் என்ன தங்க எழுத்து வேண்டுமானாலும் இருக்கட்டும்.

5. அடித்த எண்ணையும் இன்றைய அளவையும் ஒப்பிடு. இந்த வேலையைச் செய்யாமல் விலை சொல்கிறவனை நான் மதிப்பதில்லை.

12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டைக்கு என்ன விட்டமோ அதுதான் குழலின் விட்டம். அது 0.729 அங்குலம். 16 போர் 0.662, 20 போர் 0.615. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது நேராக 0.410 அங்குலம்.

1954-க்கு முந்தைய பிரிட்டிஷ் குழலில் சோதித்த அன்றைய துளை அளவை போர்க் கணக்கிலேயே அடித்திருப்பார்கள். 13 என்றால் 0.710. 13-க்குக் கீழே 1 என்று பின்னம் போல அடித்திருந்தால் 0.719. வெறும் 12 என்றால் 0.729. 12-க்குக் கீழே 1 என்றால் 0.740. தோட்டா போடுகிற பக்கத்திலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே போர் கேஜை விட்டு அளக்க வேண்டும். 13-க்குக் கீழ் 1 என்று அடித்த குழல் இன்றைக்கு 0.729 காட்டினால், பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்) உலோகம் உள்ளேயிருந்து போயிருக்கிறது. துருக் குழியைப் போக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். கண்ணாடி போல மின்னும். புதிதாக வருகிறவன் அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் மயங்குவான். சோதனை விதிப்படி அந்தக் குழல் தேறாது. பிரிட்டனில் மறுபடி சோதிக்காமல் அதை விற்கவே கூடாது.

உள்ளே போனது சுவரிலிருந்துதான் போயிருக்கும். சுவர்க் கனத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. மிக மெல்லிய இடத்தில் 20 தவ்வாவது இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் வியாபாரிகள் வெகு காலமாகப் பிடித்துவரும் கணக்கு. அதற்குக் கீழே போனால் பெயர் எவ்வளவு பெரிதானாலும் விலை பாதியில் நிற்காது, இன்னும் கீழே இறங்கும். கோயம்புத்தூர் பக்கம் லேத் வேலை தெரிந்தவர்கள் கையில் அளவுக் கருவி நிற்பதைப் பார்த்திருப்பாய். அந்தக் கை உனக்கு வர வேண்டும்.

6. மருந்தும் சேம்பரும். கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடக் கூடாது. என்.பி. என்ற எழுத்தோ 'நைட்ரோ' என்ற சொல்லோ இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் அது பார்க்கிற துப்பாக்கி, சுடுகிற துப்பாக்கி இல்லை. விலையும் அப்படித்தான்.

நைட்ரோ முத்திரை இருந்தும் பலர் கோட்டை விடுவது சேம்பர் நீளத்தில். பழைய பிரிட்டிஷ் 12 போருக்கு இரண்டரை அங்குலச் சேம்பர், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் அழகாக உட்காரும். ஏனென்றால் மடித்த வாயோடு அது குட்டையாகத்தான் இருக்கும். சுடும்போது வாய் விரிந்து சேம்பரைத் தாண்டிக் குழலின் கழுத்துக்குள் நீண்டு அடைக்கிறது, அழுத்தம் எகிறுகிறது. தோட்டா உள்ளே போகிறது என்பதால் அது அந்தத் துப்பாக்கியின் தோட்டா ஆகிவிடாது. வாங்குகிறவருக்கு நீ எழுதிக் கொடுக்கும் சீட்டில் சேம்பர் நீளம் கட்டாயம் இருக்கட்டும்.

டமாஸ்கஸ் குழல் பற்றி இரண்டு பக்கமும் மூடநம்பிக்கை இருக்கிறது. இரும்பையும் எஃகையும் பட்டையாக்கி முறுக்கி, கம்பியைச் சுற்றிக் காய்ச்சி இணைத்த குழல் அது. மேலே நெளிநெளியாகக் கோலம் தெரியும். எல்லா டமாஸ்கஸும் வெடிக்கும் என்று பயப்படுகிறவர்களும் தப்பு, எல்லாமே விலையுயர்ந்தது என்கிறவர்களும் தப்பு. நைட்ரோ சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. சாதாரண எஃகுக் குழல்மேல் அமிலத்தால் கோலம் போட்ட மலிவு பெல்ஜியச் சரக்கும் உண்டு. கோலம் ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வருகிறதா, முன்கட்டைக்கு உள்ளே மறைந்த இடத்திலும் தொடர்கிறதா என்று பார். போலி பெரும்பாலும் கட்டைக்கு அடியில் நின்றுவிடும்.

7. ரிப்பில் இருக்கும் பெயர் செய்தவன் பெயரா, விற்றவன் பெயரா? கல்கத்தாவில் மான்டன், ரோடா, லயன் அண்ட் லயன், வால்டர் லாக். நம் பக்கம் மவுண்ட் ரோடு கடிகாரக் கடையாக நாம் அறிந்த பி.ஓர் அண்ட் சன்ஸ். இவர்கள் பெயர் பொறித்த துப்பாக்கி வந்தால், பர்மிங்காம் பட்டறைகளில் செய்து இவர்கள் பெயரைப் போட்டு இங்கே அனுப்பியது என்றுதான் முதலில் எடுத்துக்கொள். மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல வேலைப்பாடு நிறைய. ஆனால் 'மெட்ராஸ்' என்ற சொல்லுக்கு மயங்கி லண்டன் விலை சொல்லாதே. உள்ளூர்க்காரன் ஒருவன் ஆசைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பான், அவ்வளவுதான். (ரோடா கடை சரித்திரத்தில் நின்றதற்குக் காரணமே வேறு. 1914 ஆகஸ்ட் 26 அன்று அதற்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கியும் 46,000 தோட்டாவும் வங்காளப் புரட்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டன.)

இன்னொரு வகைப் பெயர் ஏமாற்றவே போட்டது. 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பார்த்தவுடன் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று துள்ளாதே. அடியில் திருப்பிப் பார்த்தால் முட்டை வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்து இருக்கும். அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. வட்டத்துக்கு மேலே கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது, இல்லாவிட்டால் முந்தையது. லியேஜில் உயர்ந்த வேலைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இங்கிலாந்துப் பெயரைத் திருடிப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நிஜமாகவே பெரிய பெயர் என்றால் முகவரியைப் படி. பர்டி என்று இருந்து ஆக்ஸ்ஃபோர்ட் தெரு முகவரி இருந்தால் 1880-களின் தொடக்கத்துக்கு முந்தையது. அதன் பிறகு சவுத் ஆட்லி தெரு. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்றவர்களிடம் எண் வாரியான பழைய பேரேடு இருக்கிறது. எண்ணை எழுதிக் கட்டணம் கட்டிக் கேட்டால் எந்த வருஷம் செய்தது, என்ன நீளக் குழல் என்று பதில் வரும். அந்தக் கடிதமே விலையில் ஒரு பங்கு.

8. பாக்ஸ்லாக்கா, சைட்லாக்கா? வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் வேலை செய்த ஆன்சனும் டீலியும் 1875-இல் கொண்டுவந்தது பாக்ஸ்லாக். குதிரை, ஸ்பிரிங் எல்லாம் ஆக்‌ஷன் உடலுக்குள்ளேயே அடங்கிவிடும். செய்வது எளிது, கெடுவது அரிது, விலையும் குறைவு. சைட்லாக்கில் பக்கத் தகட்டின் உட்புறத்தில் இயந்திரம் முழுதும் இருக்கும். கைவேலை அதிகம், விலையும் பல மடங்கு. ஆகவே பாக்ஸ்லாக்குக்கு வெறும் அலங்காரத் தகடு ஒட்டிச் சைட்லாக் வேஷம் போட்டவை வரும். நிஜத் தகட்டில் உள்ளே இருக்கும் உறுப்புகளைத் தாங்கும் ஊசித் தலைகள் வெளியே தெரியும். தகடு வழவழவென்று வெறுமையாக இருந்து, ஆக்‌ஷன் உடலின் கீழ் ஓரத்தில் ஊசித் தலைகள் தெரிந்தால், உள்ளே இருப்பது பாக்ஸ்லாக். செதுக்கல் வேலை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சந்தேகப்படு.

9. உடம்பு பார்க்கும் முறை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மாட்டி மூடி, கட்டையைப் பிடித்து லேசாகக் குலுக்கு. 'லொட லொட' என்றால் பூட்டு தேய்ந்திருக்கிறது. முன்கட்டை மாட்டியிருந்தால் இது தெரியாது. விற்கிறவர்களுக்கு இது தெரியும். மூடிய நிலையில் குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்.

பிறகு குழலை மட்டும் அடிக் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் ஒரு சுண்டு சுண்டு. நல்ல குழல் நீளமாக நாதம் விடும். 'டொக்' என்றோ சலசலவென்றோ வந்தால் ரிப்பின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது; அதன் அடியில் ஈரம் புகுந்து துரு பிடித்திருக்கும்.

வாயைப் பார். வெட்டாத இரட்டைக்குழலில் இரண்டு குழலும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இடைவெளியும் அதை அடைத்த ஈயமும் தெரிந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். சோக்கும் அதோடு போயிற்று. குட்டையாக இருப்பதெல்லாம் வெட்டியது என்றும் சொல்லிவிடாதே. ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழலையே தன் அடையாளமாக வைத்து விற்றவர்.

10. திருகாணித் தலைகள். நல்ல இங்கிலீஷ் வேலையில் திருகாணியின் வெட்டு எல்லாம் குழலுக்கு இணையாக, ஒரே திசையில் நிற்கும். ஒன்று சாய்ந்து, வெட்டு ஓரம் பிய்ந்திருந்தால் தகாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல், ஆக்‌ஷனுக்குப் பின்னால் எண்ணெய் ஊறிக் கறுத்த மரம், இரண்டையும் டார்ச் அடித்துப் பார். தேர்தல் வரும்போதெல்லாம் உரிமக்காரர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். திரும்பி வரும்போது சிலதில் கட்டை கீறி, குழலில் விரல்ரேகை வடிவத்திலேயே துரு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன் எண்ணெய்த் துணியால் துடைத்து, போட்டோ எடுத்து வை என்று உரிமக்காரர்களிடம் சொல்.

11. இனி ஏர்கன். இங்கே அரசன் பி.எஸ்.ஏ. மூன்று துப்பாக்கியைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை. லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கிக்காரரின் காப்புரிமையில் 1905 முதல் அவர்கள் செய்த அடி லிவர் ரைஃபிளின் சிலிண்டர் மேலேயே அவர் பெயர் இருக்கும். குழல் அசையாது, கீழே உள்ள லிவரை இழுத்தால் ஸ்பிரிங் ஏறும், சின்ன டேப்பைத் திருகி அதன் துளைக்குள் ரவையைப் போட வேண்டும். குழல் அளவை எண்ணாலேயே குறித்தார்கள்: 1 என்றால் 0.177, 2 என்றால் 0.22, 3 என்றால் 0.25. நம் சட்டத்துக்கு இந்த எண்தான் முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன். 2 என்று பார்த்தால் உரிமம் இருக்கிறதா என்று கேள்.

போருக்குப் பின் 1948-இல் ஏர்ஸ்போர்ட்டர் வந்தது. லிவர் முன்கட்டைக்குள் ஒளிந்திருக்கும், இழுக்கும்போதே டேப் தானாகத் திறந்துகொள்ளும். 1959-இல் வந்த மீட்டியர் மடக்கு ரகம், எளிமையானது, ஏராளமாகச் செய்தது. அதனால் விலை குறைவு. வெப்லியில் 1932-இல் வந்த சர்வீஸ் மார்க் 2-க்குக் குழலை மாற்றிக்கொள்ளலாம். மூன்று குழலும் பெட்டியோடு சேர்ந்து வந்தால் தனித்தனியாக வாங்குவதைவிடப் பல மடங்கு மதிப்பு. ஒரு குழல் மட்டும் இருந்தால் அந்த மயக்கத்தில் விலை சொல்லாதே.

12. டயானா என்று எழுதியிருந்தால் எந்த டயானா? ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் மேயர் அண்ட் கிராமல்ஸ்பேகர் 1890-இல் தொடங்கிய கம்பெனி அது. முத்திரையில் வேட்டைத் தேவதை வில்லைக் கீழே எறிந்துவிட்டு ரைஃபிளைத் தூக்கிப் பிடித்திருப்பாள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் இயந்திரங்களும் அந்தப் பெயரும் ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ கம்பெனிக்குப் போயின. 1950-இல் ராஸ்டாட்காரர்கள் மறுபடி தொழில் தொடங்கியபோது பிரிட்டனில் சொந்தப் பெயரையே போட முடியவில்லை. 'ஒரிஜினல்' என்றும் 'கெக்காடோ' என்றும் போட்டு விற்றார்கள். ஆக 'டயானா, மேட் இன் கிரேட் பிரிட்டன்' என்றால் ஸ்காட்லாந்துச் சரக்கு. 'ஒரிஜினல்' என்று இருந்து டயானா என்றே இல்லாவிட்டாலும் அது ராஸ்டாட். சேகரிப்பவர்கள் இரண்டாவதற்குத்தான் கூடக் கொடுக்கிறார்கள், விசையின் வேலைப்பாட்டுக்காக. போருக்குப் பிந்தைய ராஸ்டாட் துப்பாக்கியில் சிலிண்டரின் பின்முனை இடப்பக்கத்தில் சின்னதாக நான்கு இலக்கம் இருக்கும்: 06 72 என்றால் 1972 ஜூன். இதைவிட எளிதாக வயது சொல்லும் துப்பாக்கி கிடையாது.

நம் நாட்டில் செய்த ஏர்கன்கள் பலவும் டயானாவைப் பார்த்துச் செய்தவை. 35 என்ற மாடல் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டன. எண்ணை மட்டும் பார்த்து ஜெர்மன் என்று சொல்லிவிடாதே.

13. ஏர்கன்னின் நோய்கள் மூன்று. ஸ்பிரிங் உடைந்தால் ஏற்றும்போது கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி கைக்குத் தெரியும். தோல் வாஷர் காய்ந்தால் காற்று நிற்காது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்தால் பல துப்பாக்கிகள் பிழைத்துக்கொள்ளும். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் எண்ணெயே உள்ளே வெடித்துப் புகைகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு 'பவர் ஜாஸ்தி' என்று விற்பார்கள். மூன்றாவது, டேப் தேய்மானம். டேப் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, ரவை போட்டு, பாதுகாப்பான இலக்கில் சுடு. தாள் பறந்தால் காற்று அங்கேயே போகிறது. டேப்பை அதற்கேற்றபடி கையால்தான் கடைந்து பொருத்த வேண்டும். இன்று அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. விலையில் கழித்துக்கொள்.

14. விநோதங்களை விட்டுவிடாதே. எஸ்.எம்.எல்.இ. ராணுவ ரைஃபிள் மாதிரியே இருக்கும், உள்ளே வரி இருக்காது, தோட்டாப் பெட்டியில் மரக்கட்டை அடைத்திருக்கும்: அது இஷாப்பூரில் போலீசுக்கும் காவலர்களுக்கும் மாற்றிக் கொடுத்த 410 மஸ்கட். கிரீனர் கம்பெனி எகிப்து ஊர்க்காவல் போலீசுக்குச் செய்த மார்ட்டினி ஆக்‌ஷன் துப்பாக்கி இன்னும் வேடிக்கை. திருடன் கையில் சிக்கினாலும் கடைத் தோட்டா போட்டுச் சுட முடியாதபடி 14 போரில் விசேஷத் தோட்டாவும் மூன்று முள் ஊசியும் வைத்தார்கள். இவற்றைச் சுடுகிறவன் வாங்க மாட்டான். சேகரிப்பவன் தேடி வருவான்.

15. தேய்க்காதே. நீலப் பூச்சு மங்கியதைப் பார்த்து பஃபிங் போட்டுப் புதிதாகப் பூசிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எழுத்தின் ஓரம் மழுங்கி, முத்திரை பாதி காணாமல் போயிருக்கும். துருக் குழியின் மேலேயே பூச்சு உட்கார்ந்திருக்கும். ஆக்‌ஷனின் பழைய வண்ணம், அந்த நீலமும் பழுப்பும் கலந்த மேகம், லிவருக்கு அடியிலும் மூலைகளிலும் மிச்சம் இருக்கிறதா என்று பார். கொஞ்சம் இருந்தாலும் அதற்கு விலை உண்டு. எண்ணெய்த் துணி போதும்.

16. இப்போது விலை. ஒரே துப்பாக்கிக்கு மூன்று விலை உண்டு: வியாபாரி வாங்குகிற விலை, உரிமம் உள்ள ஒருவர் நேராகக் கொடுக்கிற விலை, லண்டன் ஏலத்தில் கேட்கிற விலை. மூன்றாவதை இணையத்தில் பார்த்துவிட்டு வந்து முதலாவதோடு சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். நம் சந்தை மூடிய சந்தை; உரிமம் உள்ளவன் மட்டுமே வாங்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு ஆயுதம்தான் வைத்திருக்கலாம். மூன்று வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றை விட வேண்டியிருந்தது. பலர் விட்டது பழைய இரட்டைக்குழலைத்தான். ஆகவே சாதாரண பர்மிங்காம் பாக்ஸ்லாக்கை வைத்துக்கொண்டு பெரிய கனவு காணாதே என்று வீட்டாரிடம் பதமாகச் சொல்லிவிடு. ஜோடியாகச் செய்தவற்றின் ரிப்பில் 1, 2 என்று தங்கத்தில் எண் இருக்கும். ஒன்று மட்டும் வந்தால் மற்றது எந்தப் பங்காளி வீட்டில் என்று விசாரி. சேர்த்தால் விலை வேறு.

விலை சொல்லப் போன இடத்தில் நீயே வாங்காதே. வாங்குகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, விலை சொல்ல வேறு ஒருவரைக் கூட்டி வரச் சொல். கூலியை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடு: செய்தவர், முத்திரைகள், வருஷம், குழல் நீளம், அடித்த துளை அளவு, இன்றைய அளவு, சுவர்க் கனம், சேம்பர், பழுது, சுடலாமா கூடாதா. விலை கடைசி வரியில் வரட்டும். தேதி போட்டுக் கையெழுத்துப் போடு.